திகில், மர்ம நாவல்கள்: மழைக்காலத்துக்கு எதை வாங்குவது, யாருக்கு எதைக் கொடுப்பது?

கட்டபெட்டு_வாசகி

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூர்ப் படிப்பகத்துக்காகக் கேட்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இங்கே ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டும். கரண்ட் நிலைக்காது, டிவி ஓடாது. படிப்பகத்துக்கு ஆள் கூடும் காலமே அதுதான். இந்த வருடம் திகில், துப்பறியும் நாவல்களுக்கென்றே 6,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வருகிறவர்கள் சுமார் இருபது பேர். பிளஸ் டூ பிள்ளைகள், இலை பறிக்கப் போகும் அக்காமார், ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், ரிட்டயர்டு வாத்தியார் இரண்டு பேர், டாக்ஸி ஓட்டும் தம்பிகள். இவர்களில் ஆங்கில நாவல் வாசிப்பவர் மூன்றே பேர்.

‘படித்தே ஆக வேண்டிய 50 த்ரில்லர்கள்’ மாதிரிப் பட்டியல்களை நம்பி வாங்க முடியவில்லை. எந்தப் புத்தகம் எந்த மாதிரி ஆளுக்கு என்று அவற்றில் ஒரு வரி இல்லை. ஆளைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பது எப்படி? முடிவை உடைக்காமல் பேசுவது எப்படி? இந்த ஈரத்தில் தாளைக் காப்பாற்றுவது எப்படி? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

உதகை_நிழல்

பட்டியலை மூடி வையுங்கள் அக்கா. இந்த வகை நாவல்களில் வாசகர் பக்கத்தைத் திருப்புவது மனதில் ஒரு கேள்வி தைத்திருப்பதால். அந்தக் கேள்வி நாவலுக்கு நாவல் வேறு. ஒருவருக்கு எந்தக் கேள்வி பிடிக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

‘யார் செய்தது?’ என்று கேட்க வைப்பது துப்பறியும் கதை. குற்றம் முதலிலேயே நடந்துவிடும், வாசகர் பின்னோக்கிப் போவார். தடயங்களை ஒளிக்காமல் வாசகர் கண்முன் வைக்க வேண்டும் என்பது இதன் தர்மம். ரொனால்ட் நாக்ஸ் 1929ல் எழுதிய பத்து விதிகளின் சாரமும் இதுதான். கணக்கும் குறுக்கெழுத்தும் பிடித்தவர்களுக்கு இது சரிப்படும். உங்கள் வாத்தியார்கள் இருவருக்கும் இதில் தொடங்குங்கள். சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ குமுதத்தில் 1968ல் வந்த தொடர், வக்கீல் கணேஷ் முதலில் தலைகாட்டும் நாவல். இன்றைக்கும் தொய்வில்லாமல் படிக்கலாம். பழைய காலத்துக்கே போக விரும்பினால் ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் கதைகள் இருக்கின்றன. நடை கனமானது, வாக்கியம் முடிய அரைப் பக்கம் ஆகும். பிள்ளைகளுக்கு அதை முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள்.

‘தப்பிப்பானா, மாட்டுவானா?’ என்பது த்ரில்லர். ஆள் யார் என்பது முதலிலேயே தெரிந்தாலும் குற்றமில்லை. ஃபிரெடெரிக் ஃபோர்சைத் எழுதிய ‘த டே ஆஃப் த ஜக்கால்’ (1971) நாவலில் கொலைக்குக் குறி வைக்கப்படுபவர் பிரெஞ்சு அதிபர் டி கால். அவர் கொல்லப்படவில்லை, 1970ல் இயற்கையாக இறந்தார் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். அப்படியிருந்தும் கீழே வைக்க முடிவதில்லை. போலி பாஸ்போர்ட் வாங்குவது, துப்பாக்கியைச் செய்யச் சொல்லிக் கொடுப்பது, போலீஸ் நெருங்குவது என்று ஒவ்வொரு படியையும் காரண காரியத்தோடு காட்டுகிறார். ‘என்ன நடக்கும்’ என்பது போய் ‘எப்படி நடக்கும்’ என்பது பிடித்துக்கொள்கிறது. தமிழில் இதற்கு ஜெயமோகனின் ‘உலோகம்’. கொல்ல அனுப்பப்பட்டவனே கதையைச் சொல்கிறான். டாக்ஸி ஓட்டும் தம்பிகள் சவாரிக்குச் சவாரி விட்டு விட்டுப் படிப்பார்கள் என்றால் ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேன் வைஜயந்தி என்று அதே துப்பறிவாளர்கள் திரும்பத் திரும்ப வரும் நாவல்கள் போதும். அத்தியாயம் சின்னது, ஆட்கள் பழகியவர்கள், நாலு நாள் விட்டு எடுத்தாலும் நூல் அறுந்திருக்காது.

‘இது நிஜமாகவே நடக்கிறதா?’ என்று தவிக்க வைப்பது மூன்றாவது வகை. எனக்குத் திகிலில் உயர்ந்தது இதுதான். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1940களில் எழுதிய சிறுகதை. வீட்டுக்கு வேலைக்கு ஒரு பெண் வருகிறாள், அவ்வளவுதான் விஷயம். கதை முடிந்த பிறகும் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்போம். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இதே சந்தேகத்தை ஒரு முழு நாவலுக்கு நீட்டிப் பார்க்கிறது. அமானுஷ்யமா, விஞ்ஞானமா என்று வக்கீல் கணேஷும் அவருடைய ஜூனியர் வசந்த்தும் எதிரெதிர்ப் பக்கம் நின்று வாதாடுகிறார்கள். ஹென்றி ஜேம்ஸின் ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’ (1898), ஷெர்லி ஜாக்சனின் ‘த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959) இரண்டும் ஆங்கிலத்தில் இந்த வகைக்கு உச்சம். மூன்று ஆங்கில வாசகர்களுக்கு இவை. ஹென்றி ஜேம்ஸ் நடை கடினம், ஜாக்சனை முதலில் கொடுங்கள்.

கடைசியாக, பேய் உண்டு என்பதில் சந்தேகமே இல்லாத கதைகள். அங்கே கேள்வி ‘எப்போது நம்மைத் தொடும்?’ என்பது. டிராகுலா (1897) இங்கே வரும், ஸ்டீஃபன் கிங் இங்கே வருவார். கிங்கின் ‘த ஷைனிங்’ (1977) பனிக்காலத்துக்கு மூடிய மலை ஹோட்டலில் ஒரு குடும்பம் தனியாகத் தங்கும் கதை. சீசன் முடிந்து பூட்டிக் கிடக்கும் காட்டேஜ்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் உடனே பிடிபடும்.

இந்திரா சௌந்தர்ராஜனை இந்த நான்கில் ஒன்றுக்குள் அடைக்க முடியாது. ‘விட்டுவிடு கருப்பா’வில் ஊர்க் காவல் தெய்வம் தண்டிக்கிறதா, மனிதக் கை வேலை செய்கிறதா என்பது கேள்வி. மூன்றாவது வகையும் முதல் வகையும் கலந்தது. டிவியில் இதையே ‘விடாது கருப்பு’ தொடராகப் பார்த்த அக்காமாருக்குக் கதை தெரிந்திருக்கும், ஆகவே அவர்களுக்கு அவருடைய வேறு நாவலைக் கொடுங்கள்.

யாருக்கும் புத்தகம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். சீரியலோ சினிமாவோ தொடர்கதையோ, கடைசியாக எதன் முடிவில் ‘ஏமாற்றிவிட்டான்’ என்று கோபம் வந்தது? முடிவில் எல்லா முடிச்சும் அவிழ்ந்தே ஆக வேண்டுமா? ரத்தம், உடல் சிதைவு வர்ணனை தாங்குமா? ‘பேயெல்லாம் இல்லை என்று கடைசியில் சொன்னதுதான் கோபம்’ என்பவருக்கு நான்காவது வகை. ‘கடைசியில் பேய் என்று சொல்லி முடித்துவிட்டான்’ என்று கோபப்படுபவருக்கு முதல் வகை. இரண்டாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் காஞ்சனையைக் கொடுக்க வேண்டாம், புத்தகத்தைத் தூக்கிப் போடுவார்.

இன்னொன்று. நம் மர்ம நாவல்களில் பல வாரப் பத்திரிகைக்குத் தொடராக எழுதியவை. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் ஒரு அதிர்ச்சி வைத்தாக வேண்டும். சுஜாதா ‘ஆ..!’ நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ‘ஆ’ என்றே முடித்தார். வாரம் ஒன்று படித்தபோது அது கச்சிதம். புத்தகமாக ஒரே நாளில் விழுங்கினால் பத்தாவது அதிர்ச்சிக்குள் மரத்துப்போகும். ஒரு நேரத்துக்கு மூன்று, நான்கு அத்தியாயம் என்று நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

குன்னூர்_பழைய_அட்டை

வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

6,000 ரூபாய்க்கு ஆளுக்கொரு தலைப்பு வாங்கி அடுக்காதீர்கள். இருபது பேரும் ஒரே மாதத்தில் படித்துப் பேச வேண்டுமென்றால் ஒரே நாவல் நாலு பிரதி வேண்டும். ஒரு பிரதிக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஆறு நாள், மாதம் சரியாகப் போகும். பாதிப் பணத்தை இப்படி மூன்று தலைப்புகளுக்கு நாலு நாலு பிரதியாகப் போடுங்கள். கால் பங்கில் ஒற்றைப் பிரதிகள். மீதியில் பழைய மாத நாவல்களும், அட்டை போட பிரவுன் பேப்பரும், ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடலாம்.

ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மூன்று பேர்தானே, உதகை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய பாக்கெட் நாவல் வாங்கும்போது அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம், பின்பக்கத்தைத் திருப்புங்கள். இந்தப் புத்தகங்களில் முதலில் கழன்று விழுவது கடைசித் தாள்தான். மர்மக் கதைக்குக் கடைசித் தாள் இல்லையென்றால் புத்தகமே இல்லை. பக்க எண்ணைக் கடைசியிலிருந்து எட்டுப் பக்கம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். நடுவில் பின் அடித்த புத்தகம் என்றால் நட்ட நடுத் தாளையும் பாருங்கள், பின் துருப்பிடித்து அதுவும் உருவிக்கொண்டு வரும். ஒரே நாவல் வேறு அட்டையில் மறுபதிப்பாக வரும். வீட்டில் இருப்பதையே திரும்ப வாங்காமலிருக்க முதல் பத்தியைச் செல்லில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பத்திரிகையிலிருந்து தொடரைக் கிழித்து பைண்ட் செய்த தொகுப்புகள் கிடைத்தால் விடாதீர்கள். ஜெயராஜ் வரைந்த கணேஷ், வசந்த் படங்களோடு படிக்கும் அனுபவம் புத்தகப் பதிப்பில் வராது. ஆனால் நடுவில் ஒரு வாரம் விடுபட்டிருக்கும் ஆபத்து உண்டு. அத்தியாய எண்களை ஒன்று விடாமல் சரிபார்த்த பிறகு விலை பேசுங்கள்.

இலவசமாகக் கிடைப்பவை பற்றியும் தெளிவாக இருங்கள். நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் 1948ல் மறைந்தார். காஞ்சனையை இணையத்திலிருந்து எடுத்துப் பெரிய எழுத்தில் அச்சடித்து இருபது பேருக்கும் கொடுக்கலாம், தடையில்லை. சுஜாதா 2008ல் மறைந்தவர். வாட்ஸப்பில் சுற்றும் அவருடைய பிடிஎஃப் எல்லாம் திருட்டுப் பிரதி. படிப்பகம் அதைப் பிரின்ட் எடுத்து அடுக்கில் வைக்கக் கூடாது.

கூடலூர்_மேற்கு

நிழல் சொன்ன நான்கு வகையோடு உடன்படுகிறேன். ஆனால் அதில் விடுபட்டது ஒன்று இருக்கிறது. நம் மலையில் எல்லா பயமும் கற்பனை இல்லை.

வேட்டை நூல்களைப் பலர் த்ரில்லர் வரிசையில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஜிம் கார்பெட்டின் ‘குமாயுன் புலிகள்’ தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் நல்ல தமிழ், இருட்டில் காத்திருப்பதை அவர் மாதிரி எழுதியவர் குறைவு. கென்னத் ஆண்டர்சனின் ‘நைன் மேன்ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ (1954) நூலில் நம் சேகூர்ப் பக்கத்துப் புலியே வருகிறது. தூரத்து ஊர்க்காரருக்கு இது சாகசம். ஆனால் 2021ல் மசினகுடியில் டி23 புலியைத் தேடிய நாட்கள் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. யானைக்கும் சிறுத்தைக்கும் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை கையில் கேட்காமல் இதை வைப்பது தவறு. அடுக்கில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் கொடுங்கள், நீங்களாகப் பரிந்துரைக்க வேண்டாம். விடியற்காலை இருட்டில் ஷிப்டுக்கு நடந்து போகிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

அடுத்து உள்ளடக்க எச்சரிக்கை. பழைய மாத நாவல்களில் பாலியல் வன்முறையைக் கதை நகர்த்தும் சாக்காக எழுதியவை நிறைய. பாதிக்கப்பட்ட பெண் இரண்டாம் அத்தியாயத்தில் பிணமாவாள், அதற்குமேல் அவளைப் பற்றி ஒரு வரி இருக்காது. பிளஸ் டூ பிள்ளைகள் எடுக்கும் அடுக்கில் அவற்றை வைக்காதீர்கள். வாங்கிய பிறகு ஒவ்வொன்றையும் பெரியவர் ஒருவர் படித்துப் பார்த்துத்தான் அடுக்கில் ஏற்ற வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

எச்சரிக்கையை முன்னட்டையில் எழுதினால் கதை உடையும். ‘தற்கொலை’ என்று முன்பக்கம் எழுதிவிட்டால் எல்லோரும் கொலை என்று நம்பும் சாவு என்னவென்று தெரிந்துபோகும். பின்னட்டையின் உள்பக்கம் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி அதில் எழுதுங்கள்: தற்கொலை, குழந்தை மரணம், பாலியல் வன்முறை, விலங்கு வதை, சாதி வசை. வேண்டியவர் திறந்து பார்ப்பார், வேண்டாதவர் பார்க்க மாட்டார்.

கட்டபெட்டு_வாசகி

மூவருக்கும் நன்றி. பின்னட்டைச் சீட்டு உடனே செய்யக்கூடியது. நாலு பிரதி யோசனையும் சரி என்றே படுகிறது.

மாதக் கூட்டத்தில்தான் சிக்கல். பத்துப் பேர் முடித்திருப்பார்கள், ஆறு பேர் பாதியில் இருப்பார்கள், நாலு பேர் தொட்டிருக்க மாட்டார்கள். முடித்தவர் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்குப் போச்சு. ‘கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாரு’ என்று மட்டும் சொன்னால் பரவாயில்லையா?

பெருமாள்மலை

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். அந்த ஒரு வரிதான் மிக மோசமானது. ட்விஸ்ட் இருக்கிறது என்று தெரிந்த வாசகர் கதையைப் படிக்க மாட்டார், ஆசிரியர் எங்கே ஒளித்திருக்கிறார் என்று தேடுவார். யாரையும் நம்ப மாட்டார், யாருக்காகவும் பயப்பட மாட்டார். திருப்பம் வரும்போது ‘நான் நினைச்சேன்’ என்பதோடு முடிந்துவிடும்.

அதே அளவுக்குக் கெடுப்பது ‘இது பிடித்ததா, அப்படியானால் அதுவும் பிடிக்கும்’ என்ற பரிந்துரை. இரண்டு நாவலுக்கும் பொதுவானது கடைசித் தந்திரம் என்றால் ஒன்றைப் படித்தவருக்கு மற்றொன்று செத்தது. ஊர், காலம், துப்பறிபவரின் குணம், நடை ஆகியவற்றில் ஒற்றுமை இருந்தால் சொல்லுங்கள். தந்திரத்தில் ஒற்றுமை இருந்தால் வாயைத் திறக்க வேண்டாம். அகதா கிறிஸ்டியின் ‘த மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’ (1926) ஏன் புகழ்பெற்றது என்று விளக்கினாலே அந்த நாவல் போய்விடும். ‘கிறிஸ்டியைத் தொடங்க நல்ல இடம்’ என்று சொல்லிக் கையில் கொடுப்பதோடு நில்லுங்கள்.

பரிந்துரைச் சீட்டு எழுதினால் நாலு வரி போதும். யாருடைய கதை, எங்கே நடக்கிறது, முதல் கால் பகுதிக்குள் எழும் கேள்வி என்ன, எப்படிப்பட்ட வாசகருக்கு. கால் பகுதிக்கு அப்பால் நடக்கும் எதையும் எழுதக் கூடாது. பின்னட்டைக் குறிப்பைப் பார்த்துக் காப்பியடிக்கவும் கூடாது, பதிப்பகத்தார் பாதிக் கதையை அதில் சொல்லியிருப்பார்கள். அட்டை போடும்போது பின்னட்டையையும் சேர்த்து மூடிவிடுங்கள்.

கூட்டத்துக்கு நான் சொல்வது இரண்டு சந்திப்பு. முதல் சந்திப்புக்கு எல்லோரும் குறிப்பிட்ட அத்தியாயம் வரை மட்டும் படித்து வர வேண்டும். துப்பறியும் நாவல் என்றால் மூன்றில் இரண்டு பங்கில் நிறுத்துங்கள். கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ (1939) பதினாறு அத்தியாயம், பத்தோடு நிறுத்தலாம். பாதிக்கு முன்பே நிறுத்தினால் தடயம் போதாது, பேச்சு வெறும் குருட்டு ஊகமாகப் போகும். முக்கால் தாண்டினால் பாதிப் பேர் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் குற்றவாளி யார், எந்தப் பக்கத்துத் தடயத்தை வைத்துச் சொல்கிறேன் என்று சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்ட வேண்டும். பக்க எண் கட்டாயம். அது இல்லையென்றால் ‘மூஞ்சியப் பாத்தாலே தெரியுது’ என்று எழுதுவார்கள், விவாதம் நடக்காது. இரண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டத்தில் உறையைப் பிரியுங்கள். அப்போது பேச வேண்டியது யார் ஜெயித்தார் என்பதைப் பற்றி அல்ல. ஆசிரியர் அந்தத் தடயத்தை எப்படிக் கண்ணில் படாமல் வைத்தார் என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டிப் பேசுங்கள். பெரும்பாலும் ஒரு பட்டியலின் நடுவில் இருக்கும், இல்லையென்றால் ஒரு சண்டைக்கோ சிரிப்புக்கோ சற்று முன்னால் இருக்கும்.

தொடவே தொடாத நாலு பேருக்காக முதல் சந்திப்பில் அரை மணி நேரம் வாய்விட்டு வாசியுங்கள். காஞ்சனை இதற்குப் பொருத்தம். நிதானமாகப் போனால் ஒரே அமர்வில் முடியும். வாசிப்பவர் குரலை மாற்றி நடிக்கக் கூடாது. விளக்கை அணைப்பது, இடையில் சத்தம் போடுவது எதுவும் வேண்டாம். புதுமைப்பித்தன் சாதாரண வீட்டுப் பேச்சுக்குள் பயத்தை வைக்கிறார். புருஷன் பெண்டாட்டி பேச்சை வழக்கமான குரலில் வாசித்தால்தான் அந்தப் பெண் வரும் இடம் கேட்பவர் மேல் ஏறும். பத்தி முடிகிற இடத்தில் ஒரு மூச்சு விடுங்கள், அது போதும்.

பாதியில் நிறுத்தியவர்களிடம் ஏன் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். ‘பெயர் குழம்புது’ என்றால் ஆட்களின் பெயரும் உறவும் எழுதிய சீட்டு ஒன்றைப் புத்தகத்தில் வைத்தால் தீரும். வெளிநாட்டு நாவலுக்கு இது கட்டாயம். ‘நகரவே இல்லை’ என்பவருக்குத் த்ரில்லர். ‘ராத்திரி தூக்கம் வரல’ என்றால் பகலில் படிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

உதகை_நிழல்

பெருமாள்மலை சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு வாங்கும்போது முழு நாவலா, சுருக்கமா என்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நூறு பக்கத்தில் வெட்டிய பதிப்புகளில் கதை இருக்கும், பயம் இருக்காது.

டிராகுலா முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்று எழுதிய நாவல். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் வாசகர், அதனால்தான் அவர்களுக்கு முன்னால் நமக்கு நடுங்குகிறது. அதை ‘ஜோனதன் கோட்டைக்குப் போனான்’ என்று படர்க்கையில் சுருக்கிச் சொன்னால் அந்த அமைப்பே கலைந்துபோகும். சோதிப்பது சுலபம். ஜோனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பில் மே 3 என்று தேதியிட்டுத் தொடங்க வேண்டும், மொத்தம் 27 அத்தியாயம் இருக்க வேண்டும். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) வால்டன் எழுதும் கடிதங்களோடு தொடங்க வேண்டும், நேரே விக்டரின் குழந்தைப் பருவத்தில் தொடங்கினால் வெட்டிய பதிப்பு. கோனன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டை நாய் நாவல் (1902) 15 அத்தியாயம். சதுப்பு நிலமும் மூடுபனியும் நிறைந்த கதை, நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். பேய் நாய் என்று ஊர் நம்புகிறது, ஹோம்ஸ் நம்பவில்லை. முதல் வகையும் மூன்றாவது வகையும் ஒன்றாகக் கிடைக்கும், ரத்தமும் குறைவு.

கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலில் பதினாறாம் அத்தியாயத்துக்குப் பிறகும் பகுதிகள் உண்டு. அவை இல்லாத பதிப்பைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

குன்னூர்_பழைய_அட்டை

ஈரம் பற்றி யாரும் எழுதவில்லை, எழுதிவிடுகிறேன்.

காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் நம் வீடுகளுக்குள் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஈரப்பதம் அளக்கும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று அலமாரிக்குள் வைத்துப் பாருங்கள், ஊகம் வேண்டாம். மாத நாவல்களின் தாள் நியூஸ்பிரின்ட், அதாவது செய்தித்தாள் அச்சடிக்கும் மலிவுத் தாள், வழவழப்பான தாளைவிட வேகமாக ஈரத்தைக் குடிக்கும்.

அலமாரியை வெளிச்சுவரில் சாய்க்காதீர்கள். மழைச் சாரல் அடிக்கும் சுவர் உள்பக்கமும் குளிர்ந்து வியர்க்கும். உள்சுவர் பக்கமாக 10 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கட்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்கக் கூடாது, இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவது பெரிய தவறு. தாளில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பூக்கும். பிளாஸ்டிக் உறைக்குப் பதில் பிரவுன் பேப்பர் அட்டை.

கண்ணாடிக் கதவு உள்ள அலமாரி என்றால் தட்டுக்கு ஒரு துணிப் பையில் கால் கிலோ சிலிக்கா ஜெல். நீல நிறம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் புழங்காத பாத்திரத்தில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். நீலத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு நச்சு, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு அல்ல. ராமபாணப் பூச்சி இருந்தால் மட்டும் வையுங்கள்.

குளிருக்காகப் படிப்பகத்துக்குள் கணப்புச் சட்டி வைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கரிப் புகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு ஆபத்து. மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, உள்ளே தேய்ந்து இறங்கும். அந்தப் பிரதியை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் விசிறி மாதிரி விரித்து நிறுத்திக் காய வையுங்கள். முழுதும் காய்ந்து பொடியான பிறகு முகக்கவசம் போட்டு, வெளியில் கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தள்ளுங்கள். நேர் வெயிலில் போட்டால் நியூஸ்பிரின்ட் பழுத்து முறியும்.

கட்டபெட்டு_வாசகி

முதல் மூன்று தலைப்பை முடிவு செய்துவிட்டோம்: கொலையுதிர் காலம், நைலான் கயிறு, பாஸ்கர்வில் வேட்டை நாய். காஞ்சனையை அச்சடித்து முதல் கூட்டத்தில் வாசிக்கிறோம். கொலையுதிர் காலத்தை எந்த இடத்தில் நிறுத்தலாம்? அங்கே குற்றவாளியை ஊகிப்பது மட்டும் பொருந்தாது என்று தோன்றுகிறது. இன்னொரு சின்னக் கேள்வி. பழைய மாத நாவல்களில் பின் துருப்பிடித்துத் தாள் கிழிகிறது, அதற்கு என்ன செய்வது?

பெருமாள்மலை

சரியாகப் பிடித்தீர்கள். அந்த நாவலுக்குப் பாதியிலேயே நிறுத்துங்கள். சீட்டில் ‘பேயா, மனிதரா?’ என்று ஒரு வரி, எந்தக் காட்சியை வைத்து அப்படி நினைக்கிறேன் என்று ஒரு வரி. கணேஷ் கட்சி ஒரு பக்கம், வசந்த் கட்சி ஒரு பக்கம் உட்காரட்டும். முடித்தவர்கள் அன்றைக்குப் பேச வேண்டாம், நடுவராக உட்கார்ந்து பக்கம் சரிபார்க்கட்டும்.

குன்னூர்_பழைய_அட்டை

பின்னை இழுக்காதீர்கள். நட்ட நடுத் தாளில் உள்பக்கமாக மடங்கியிருக்கும் பின்னின் கால் இரண்டையும் மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி, வெளிப்பக்கத்திலிருந்து மெதுவாக எடுங்கள். துரு உதிர்ந்ததைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, மடிப்பில் மூன்று துளை. பழைய பின் துளை இரண்டும் கிழியாமல் இருந்தால் அவற்றையே வைத்து நடுவில் ஒன்று போட்டால் போதும். பருத்தி நூலை நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல் துளை வழியாக உள்ளே, அங்கிருந்து கீழ்த் துளை வழியாக வெளியே, மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, நீளமாக ஓடும் நூலை இடையில் பிடித்து முடிச்சுப் போடுங்கள். நைலான் நூல் வேண்டாம், அந்தத் தாளை அறுத்துவிடும். துளை ஏற்கெனவே கிழிந்திருந்தால் மடிப்பின் உள்பக்கம் மெல்லிய தாள் பட்டையை மைதாப் பசையால் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு தையுங்கள். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி அண்டாது. அது விஷம், கலந்ததும் கையைக் கழுவுங்கள்.